வருடக்கணக்கில் கிடந்த டிரை சார்ஜ் பேட்டரி: ஆசிட் ஊற்றி உடனே மாட்டுவதா, சார்ஜ் போட்டு மாட்டுவதா, புதிதே வாங்கிவிடுவதா?

வாங்கிய நாளிலிருந்து வண்டியில் ஏறாமல் வருடக்கணக்கில் கிடந்த டிரை சார்ஜ் பேட்டரி, அதாவது ஆசிட் ஊற்றாமல் உலர்வாக விற்கப்படும் பேட்டரி ஒன்று கைக்கு வருகிறது. உள்ளே ஒரு சொட்டு ஆசிட் போனதில்லை. மூடிகளின் சீலும் அப்படியே இருப்பது போலத்தான் தெரிகிறது. என்ன செய்யலாம்? ஆசிட் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, நேராக வண்டியில் மாட்டலாம். ஊற்றிய பிறகு நிதானமாகச் சார்ஜ் போட்டு, சோதித்துவிட்டு மாட்டலாம். பழசை எதற்கு நோண்டிக்கொண்டு என்று புதிதாக ஒன்று வாங்கலாம். நான்காவதாக, சீலைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கவும் செய்யலாம். இதை ஒரு வழியாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நீண்ட நாள் கிடந்த பேட்டரி என்றால் என் கட்சி இரண்டாவது வழிதான். ஆனால் எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. முதல் வழியை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. எந்த வழி என்பதைப் பாதி உங்கள் வண்டி முடிவு செய்யும். மீதிப் பாதியை, ஆசிட் ஊற்றிய முதல் அரை மணி நேரத்தில் பேட்டரியே காட்டிவிடும்.

அது எப்படிக் காட்டும் என்பதற்கு, இந்தப் பேட்டரி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலையிலேயே பிளேட்டுகளுக்குச் சார்ஜ் ஏற்றி, ஆசிட் போகக் கழுவி, காற்றின் ஆக்சிஜன் படாத சூழலில் உலர்த்தி, பெட்டிக்குள் அடுக்கி மூடிவிடுகிறார்கள். சார்ஜ் பிளேட்டுகளிலேயே இருக்கிறது, ஆசிட் மட்டும் பாக்கி. பாசிட்டிவ் பிளேட்டில் இருப்பது பழுப்பு நிற ஈய டை ஆக்சைடு. அது உலர்ந்த நிலையில் சாதுவாகக் கிடக்கும். வம்பு செய்வது நெகட்டிவ் பிளேட். அதில் இருப்பது நுண்துளைகள் நிறைந்த சாம்பல் நிற ஈயம். ஈரக்காற்று பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக ஈய ஆக்சைடாக மாறும். மாறிய அளவுக்குச் சார்ஜ் போயிற்று என்று அர்த்தம். ஆகவே இந்தப் பேட்டரிக்கு எதிரி வயது அல்ல, ஈரமும் காற்றும்தான். சீல் கெட்டியாக இருந்து உலர்ந்த இடத்தில் பல வருடம் கிடந்தது, சீல் கிழிந்து ஈரமான மூலையில் ஒரே வருடம் கிடந்ததைவிட நல்ல நிலையில் இருக்கலாம்.

ஆக்சைடான பிளேட்டின் மேல் ஆசிட் பட்டதும், ஆக்சைடும் ஆசிடும் சேர்ந்து ஈய சல்பேட்டும் தண்ணீரும் உண்டாகும், கூடவே சூடும் வரும். ஆசிட் செலவாகித் தண்ணீர் கூடுவதால் கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட ஆசிடின் அடர்த்தி, இறங்கும். கிராவிட்டி இறங்குவதால் வோல்டேஜும் சரியாக ஏறாது. சூடு, கிராவிட்டி, வோல்டேஜ் என்று சாட்சி மூன்று. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இப்படிப் புதிதாக உண்டாகும் சல்பேட் மிருதுவானது, சார்ஜ் போட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆசிடோடு சார்ஜ் இறங்கி மாதக்கணக்கில் கிடந்த சாதாரண பேட்டரியில் சல்பேட் பெரிய பெரிய படிகமாக இறுகிவிடும், அதைத் திருப்புவது பெரும்பாடு. பழைய ஈர பேட்டரியோடு போராடித் தோற்றவர்கள் அதே கண்ணோடு டிரை பேட்டரியையும் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

முதலில் புதிது வாங்கும் வழியைப் பார்த்துவிடலாம், அது சீக்கிரம் முடிகிற விஷயம். உங்கள் கார் சிக்னலில் நின்றதும் தானே எஞ்சினை அணைத்து, கிளம்பும்போது தானே உயிர்ப்பிக்கும் வகையா? அதற்கு வேண்டியது அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி வகை பேட்டரி. சாதாரண டிரை சார்ஜ் பேட்டரி அளவில் கச்சிதமாகப் பொருந்தினாலும் அந்த வேலைக்கு நிற்காது. பேட்டரி காரின் உள்ளேயோ டிக்கியிலோ இருக்கிறதென்றால், வாயு வெளியே போகக் குழாய் மாட்டும் வசதி உங்கள் பேட்டரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் அதை அங்கே வைக்கக் கூடாது. நடுவழியில் நின்றால் ஆபத்து என்கிற வேலையில் இருக்கும் வண்டிக்கும் உத்தரவாதத்தோடு புதிது வாங்குவதே சரி. சார்ஜரும் இல்லை, கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டரும் இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை என்றாலும் அப்படியே. பழைய டிராக்டர், ஜெனரேட்டர், கிக்கர் உள்ள இரு சக்கர வண்டி, கார்புரேட்டர் காலத்துக் கார் போன்றவற்றுக்குத்தான் மீதியுள்ள வழிகளை யோசிக்கலாம். ஒரு நாள் செல்ஃப் எடுக்காவிட்டாலும் அங்கே குடி முழுகிவிடாது.

அடுத்து, திறப்பதற்கு முன் கையில் இருப்பது உண்மையிலேயே டிரை சார்ஜ் பேட்டரிதானா என்று பார்க்க வேண்டும். சார்ஜ் ஏற்றாமலே உலர்வாக விற்கப்பட்ட வகை ஒன்று உண்டு. அதற்கு ஆசிட் ஊற்றிய பிறகு மிக நீண்ட முதல் சார்ஜ் தேவை, நேராக மாட்டும் பேச்சுக்கே இடமில்லை. சார்ஜ் ஏற்றி, ஆசிடை வடித்துவிட்டு, பிளேட்டுகளில் ஈரத்தோடு மூடிய வகையும் இருக்கிறது. அது நீண்ட இருப்புக்காகச் செய்யப்பட்டதல்ல, வருடக்கணக்கில் கிடந்திருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். யாரோ ஓட்டிக்கொண்டிருந்த பேட்டரியின் ஆசிடைக் கொட்டிவிட்டுக் காய வைத்தது என்றால் அதைத் தொடவே வேண்டாம். டெர்மினல்களில் கிளாம்ப் கடித்த தடம் இருந்தால் சந்தேகப்படலாம்.

சீலைப் பிரித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் கீழே இருக்கும் தனி அறைதான் செல், 12 வோல்ட் பேட்டரியில் ஆறு. தட்டுப்படும் பிளேட் ஓரங்கள் ஒரே சீரான சாம்பலும் பழுப்புமாக இருந்தால் திருப்தி. வெளுத்த பொடி பூத்திருந்தால் ஈரக்காற்று உள்ளே போய் வந்திருக்கிறது. ஒரு செல்லில் மட்டும் அப்படி இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தகராறு செய்யப்போவது பெரும்பாலும் அதுதான். பெட்டியில் விரிசல் இருந்தால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

இனி முதல் வழி: ஊற்றி, ஊறவைத்து, மாட்டுவது. டிரை சார்ஜ் என்ற ஏற்பாடே இதற்காக வந்ததுதான், அவசரத்துக்குக் கை கொடுக்க வேண்டும் என்று. பேட்டரி அண்மையில் செய்யப்பட்டது, சீல் கெடவில்லை, ஊற்றும் ஆசிடும் சரியானது என்றால் இது குறுக்கு வழி அல்ல, முறையான வழிதான். 20 முதல் 30 நிமிடம் ஊறிய பின் 12 வோல்ட் பேட்டரி 12.5-க்கு மேல் காட்ட வேண்டும். கிராவிட்டி ஊற்றியதிலிருந்து 0.01, 0.02-க்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. சூடும் ஐந்தாறு டிகிரிக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியென்றால் மாட்டிக்கொண்டு போகலாம். அப்போதும் ஒரு குட்டி சார்ஜ் கொடுத்துவிட்டுப் போனால் நல்லது.

வருடக்கணக்கில் கிடந்ததற்கு இதே வழியை நம்புவதில்தான் சிக்கல். மல்டிமீட்டர் 12.4 காட்டினாலே பலருக்குத் திருப்தி வந்துவிடுகிறது. வோல்டேஜ் என்பது ஆசிடின் அடர்த்தியைச் சொல்வது, பிளேட்டில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை அல்ல. கிராவிட்டியோடு 0.84-ஐக் கூட்டி ஆறால் பெருக்கிப் பாருங்கள். 1.265-க்குக் கிட்டத்தட்ட 12.63 வரும். பிளேட்டில் பாதிக்கு மேல் ஆக்சைடாகிப் போயிருந்தாலும், மிச்சமுள்ள ஈயத்தை வைத்துக்கொண்டே அது ஒரு மரியாதையான வோல்டேஜ் காட்டிவிடும். செல்ஃப் அடிக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

“வண்டி ஓடினால் டைனமோ சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்” என்பது அடுத்த சமாதானம். டைனமோ என்று இவர்கள் சொல்லும் ஆல்டர்னேட்டரின் வேலை, நல்ல பேட்டரியில் எடுத்ததைத் திருப்பி வைப்பது. காலியான பேட்டரியைக் கொடுத்தால் அது ஆரம்பத்தில் தன்னால் முடிந்த ஆம்பியரையெல்லாம் தள்ளிச் சூடேறும். அப்புறம் 14.2, 14.4 வோல்ட்டில் நின்றுவிடும். முதல் சார்ஜை முழுமையாக முடிக்க அந்த வோல்டேஜில் மிக நீண்ட நேரம் ஆகும், அவ்வளவு நேரம் யாரும் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை. அரைகுறை சார்ஜிலேயே பேட்டரி வாழத் தொடங்குகிறது, மிருதுவாக இருந்த சல்பேட் இறுகத் தொடங்குகிறது. சில மாதம் கழித்து, பழைய பேட்டரி அப்படித்தான் என்று பழி வயதின் மேல் விழும்.

இரண்டாவது வழிக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். அதற்கு முன் ஆசிட் விஷயத்தில் ஒரு தேர்வு. கலந்து தயாராக விற்கும் பேட்டரி ஆசிட், கெட்டி ஆசிட் வாங்கி நாமே கலப்பது, வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்று மூன்று யோசனை சொல்வார்கள். தயார் ஆசிட் ஒன்றைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் கிராவிட்டி எதுவோ அதுதான் அளவு. பொதுவாக 1.250 முதல் 1.280 வரை இருக்கும், வெப்பம் மிகுந்த பகுதிகளுக்கு இன்னும் சற்றுக் குறைவாகவும் குறித்திருப்பார்கள். கெட்டி ஆசிடில் தண்ணீர் பட்டால் சட்டென்று கொதித்துத் தெறிக்கும். கலந்தே ஆக வேண்டிய நிலையில் தண்ணீரில்தான் ஆசிடைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றவே கூடாது. வீட்டில் இந்த வேலை எதற்கு என்பதே என் கேள்வி.

டிஸ்டில்டு வாட்டர் யோசனை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஓடும் பேட்டரியில் குறைவது தண்ணீர்தான், அதற்குத் தண்ணீர்தான் விட வேண்டும். ஆனால் டிரை பேட்டரியில் ஆசிடே இல்லை. வெறும் தண்ணீரில் ஈயத்தின் உப்புகள் கரையும். பிறகு சார்ஜ் போடும்போது அந்த ஈயம், பிளேட்டுகளுக்கு நடுவே தடுப்பாக இருக்கும் செப்பரேட்டரின் துளைகளுக்குள்ளேயே படிந்து, பக்கத்துப் பக்கத்துப் பிளேட்டுகளை இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். பேட்டரியை உறுதியாகக் கெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் புனலில் ஊற்றத் தொடங்குங்கள். எல்லா சீலும், இரு சக்கர வண்டி பேட்டரியென்றால் பக்கத்துக் குழாய் முனையில் இருக்கும் ரப்பர் மூடியும் கழன்றுவிட்டதா என்று முன்பே பார்க்க வேண்டும். அந்தக் குழாய் மூடியை மறந்துவிட்டுச் சார்ஜ் போட்டால், வாயு போக வழியில்லாமல் பெட்டி உப்பும், வெடிக்கவும் கூடும். ஆசிட் பிளேட்டுகளுக்கு மேல் குறித்த அளவு வரை நிற்க வேண்டும். ஊற்றும்போது புசுபுசுவென்று காற்றுக் குமிழ்கள் வரும், அது பிளேட்டின் துளைகளிலிருந்து கிளம்பும் காற்று. அரை மணியில் மட்டம் இறங்கியிருக்கும். இந்த ஒரு முறை மட்டும் அதே ஆசிடை விட்டு மட்டத்தைச் சரி செய்யலாம். சார்ஜ் தொடங்கிய பிறகு, பேட்டரியின் ஆயுள் முழுக்க, டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

அந்த அரை மணி நேரத்தில் வேறு வேலைக்குப் போகாதீர்கள். பெட்டியின் பக்கச் சுவரில் ஒவ்வொரு செல்லுக்கு நேராகவும் வெளியிலிருந்து கை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி லேசாக வெதுவெதுப்பது இயல்பு. ஒரு செல் மட்டும் தனியாகச் சுடுகிறது என்றால், டார்ச் அடித்தபோது பொடி தெரிந்த அதே செல்லாக அது இருக்க நிறைய வாய்ப்பு. பிறகு ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சுங்கள். மிதவை குழாயின் சுவரில் ஒட்டாமல் நேராக நிற்கும்போது கண்மட்டத்தில் படிக்க வேண்டும். 1.265 ஊற்றிய இடத்தில் 1.225 நின்றால், பிளேட் நிறையவே ஆக்சைடாகியிருக்கிறது. ஆசிட் சூடாக இருக்கும்போது கிராவிட்டி குறைவாகக் காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஹைட்ரோமீட்டரில் குறித்திருக்கும் வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு செல்லின் எண்ணையும் தாளில் எழுதிவையுங்கள். இந்த ஆறு எண் இல்லாமல், பிறகு சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்ல முடியாது.

வோல்டேஜ் 12-க்கும் 12.5-க்கும் நடுவே என்றால் சார்ஜ் போட்டால் தேறும். 10.5 பக்கம் நின்றுவிட்டால் ஒரு செல் வேலை செய்யவில்லை என்று பொருள். அதற்கும் ஒரு சார்ஜ் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

சார்ஜரிலும் தேர்வு இருக்கிறது. இன்றைய ஸ்மார்ட் சார்ஜர்கள் வசதியானவை, ஆனால் இந்த வேலைக்கு அவை அரைக் கிணறுதான் தாண்டும். வோல்டேஜ் மிகக் குறைவாக இருந்தால் பல சார்ஜர்கள் தொடங்கவே மறுக்கும். தொடங்கினாலும் 14.4, 14.8 வோல்ட்டைத் தொட்டதும் பச்சை விளக்கைக் காட்டி ஒதுங்கிவிடும், கிராவிட்டி இன்னும் ஏறாமல் கிடக்கும். ஆம்பியரை நாமே வைத்துக்கொள்ளும் பழைய பாணி சார்ஜர் இங்கே மேல். ஸ்மார்ட் சார்ஜர்தான் இருக்கிறது என்றால் பச்சையை நம்பாமல் ஹைட்ரோமீட்டரை நம்பி, மறுபடி மறுபடி போட வேண்டும். புதிய டிரை பேட்டரிக்கு, அதன் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 60 ஆம்பியர்-மணி என்றால் 6 ஆம்பியர், சில மணி நேரம். வருடக்கணக்கில் கிடந்ததற்கு அதில் பாதி வைப்பேன், 3 ஆம்பியர். பெரும்பாலும் ஆக்சைடாகிப் போயிருந்தால் 24 மணி நேரம்கூட ஆகலாம். ஏற்ற வேண்டியது கிட்டத்தட்ட முழு பேட்டரி, சார்ஜில் வீணாவதும் சேர்ந்தால் 72 ஆம்பியர்-மணி வந்துவிடும். அவசரப்பட்டு 10, 15 ஆம்பியர் தள்ளினால் பிளேட்டிலிருந்து பேஸ்ட் உதிரும். ஆசிட் 45 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள்.

சார்ஜ் முடிந்தது என்பதை மணியைப் பார்த்துச் சொல்லக் கூடாது. எல்லா செல்லிலும் ஒரே மாதிரி குமிழ் வர வேண்டும், ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை அளந்தும் கிராவிட்டி மேலே நகராமல் நிற்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சார்ஜரோடு இருக்கும் பேட்டரி 15.5, 16 வோல்ட் வரைகூடக் காட்டும். அதனாலேயே இந்த வேலையை வண்டியில் மாட்டிவைத்துச் செய்யக் கூடாது, எலெக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்காது. குமிழாக வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறியில் பற்றும். எனவே காற்றோட்டமான இடம் வேண்டும். கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரை அணைத்துவிட வேண்டும்.

பிறகு சில மணி நேரம் சும்மா விட்டு, மறுபடி ஆறு செல்லையும் அளந்து, முந்தைய தாளோடு வைத்துப் பாருங்கள். எல்லாம் ஊற்றிய கிராவிட்டிக்கு அருகில் வந்து, தங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாமல் நின்றால் தேறிவிட்டது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 கீழேயே நின்றால், இன்னொரு முறை சார்ஜ் போட்டும் ஏறாவிட்டால், அதை விட்டுவிடலாம். கடைசிச் சோதனை லோடு. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் சிசிஏ எண்ணில் (கடுங்குளிரில் செல்ஃப் அடிக்க அது தரக்கூடிய ஆம்பியர்) பாதி ஆம்பியரை 15 விநாடி இழுக்கும்போது, 20 டிகிரி சுற்றுவட்டத்தில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. லோடு டெஸ்டர் இல்லாவிட்டால், வண்டியில் மாட்டி செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரளவு தெரியும். முதல் சில வாரம் கிராவிட்டியை அவ்வப்போது பாருங்கள். புதிதாக ஓடத் தொடங்கும் பேட்டரி இன்னும் கொஞ்சம் தேறி வருவதும் உண்டு.

தேறவில்லை என்றால் எப்சம் உப்பு, விதவிதமான பொடி, மாத்திரை என்று வைத்தியம் தொடங்க வேண்டாம். ஆசிடை வடிக்கவும் வேண்டாம், சாக்கடையில் ஈயமும் ஆசிடும் போகும். நிரப்பியபடியே நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோய்ப் பழைய பேட்டரி எடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, புதியது வாங்கும் வழிக்குத் திரும்பலாம்.

இப்போது அந்த நான்காவது வழி. பேட்டரி தேவைப்படும் வண்டி இன்றைக்கு உங்களிடம் இல்லை, பின்னால் உதவும் என்று மட்டும் நினைக்கிறீர்கள் என்றால் ஆசிட் ஊற்றாதீர்கள். ஊற்றிய நிமிடத்திலிருந்து அது சாதாரண ஈர பேட்டரி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தானாகச் சார்ஜ் இறங்கும், வெப்பம் கூடக் கூட வேகமாக இறங்கும், மாதம் ஒரு முறையாவது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஊற்றியதை வடித்துப் பழையபடி டிரை ஆக்கவும் வழியில்லை. சீல் லேசாக எழும்பியிருந்தால் ஒட்டி அழுத்தி, ஈரம் வராத, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். சீல் ஏற்கெனவே கிழிந்திருந்தால் மட்டும் காத்திருப்பதில் லாபமில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் நெகட்டிவ் பிளேட் இன்னும் கொஞ்சம் ஆக்சைடாகும். அப்படிப்பட்டதற்கு இந்த வாரமே வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, ஒரு நாள் ஒதுக்கி, இரண்டாவது வழியில் இறங்கிவிடலாம்.